சிரித்துவிட்டுப் போன 'மதராசி'

கேள்வி: டல்லாஸில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் மகன், நிறத்தையும் பேச்சையும் வைத்து அலுவலகத்தில் மட்டம் தட்டுகிறார்கள், தூக்கமே போய்விட்டது என்கிறான். மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறானாம்! எழுபதுகளில் நான் டெல்லியில் குமாஸ்தாவாக இருந்தபோது என்னை 'மதராசி' என்றுதான் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். 'பல்லைக் கடித்துக்கொண்டு உழை, தானே அடங்கிவிடுவார்கள்' என்று அவனிடம் சொன்னேன். சரிதானே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிரித்துவிட்டுத்தான் போனீர்கள். ஐம்பது ஆண்டு கழித்து எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல்தானே முன்னால் வந்து நிற்கிறது?

பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்த ஒருவரைச் சொல்கிறேன். ஜான் ஹென்றி மார்ட்டின், வட கரோலினாவில் 1907இல் பிறந்த கறுப்பின விவசாயி. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக் கடனிலிருந்து தப்பித்து, 40 ஆண்டுத் தவணையில் வாங்கிய நிலக்கடனை 5 ஆண்டில் அடைத்து, 75 ஏக்கருக்குச் சொந்தக்காரரானார். உங்கள் புத்திமதிக்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அறுபது வயதை நெருங்கும்போது ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, வயிற்றுப்புண் என்று எல்லாம் சேர்ந்து வந்தன. இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். அவரைச் சந்தித்த ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர், கறுப்பின ஆண்களிடம் ஆய்வு நடத்தி 1983இல் எழுதினார்: படிப்பு குறைந்தவர்கள் இப்படி மல்லுக்கட்டும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதற்கு அவர் வைத்த பெயரே 'ஜான் ஹென்றியிசம்'. (அமெரிக்க நாட்டுப்பாடலில் இன்னொரு ஜான் ஹென்றி உண்டு. நீராவி எந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, கையில் சம்மட்டியோடு செத்து விழுந்தவன்.)

உங்களை முகத்துக்கு நேரே 'மதராசி' என்றார்கள். எதிரி யாரென்றாவது தெரிந்தது. உங்கள் மகனிடம் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கூட்டத்தில் அவன் சொன்ன யோசனை காதில் விழாது, அதையே பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் தலையாட்டுவார்கள். 'உன் உச்சரிப்பு வாடிக்கையாளருக்குப் புரியாதே' என்று அக்கறையாகச் சொல்வார்கள். 'இதற்குக் காரணம் என் நிறமா, இல்லை என் வேலைதான் மோசமா?' இந்தச் சந்தேகம்தான் அவனைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர் இந்தச் சின்னக் குத்தல்களைப் பற்றி 1970இலேயே எழுதிவிட்டார்.

புகார் கொடுக்கலாமே என்பீர்கள். அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும். 180 நாளுக்குள் முறையிடலாம், பல மாநிலங்களில் 300 நாள் வரை. ஆனால் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள். எந்தக் கணக்கு முதலில் அவன் கண்ணுக்குத் தெரியும்?

அவன் மருத்துவரிடம் போகட்டும். நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கட்டும், அலுவலகக் கணினியில் வேண்டாம், சொந்த நோட்டில். உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிரித்ததை அவனிடம் சொல்லிவிட்டீர்கள். சிரித்துவிட்டு அறைக்குத் திரும்பிய பிறகு அன்றிரவு எப்படிப் போனது என்பதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடும்போது அதைச் சொல்லுங்கள்.