நல்ல மனுஷர்தான், பாத்ரூம் ஒழுகாதா?

கேள்வி: வணக்கம் அக்கா. சிங்கப்பூர் ஈசூனில் பழைய நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். இரண்டு பாத்ரூமிலும் டைல்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவர் 13,800 வெள்ளி (டாலர்) கேட்டார். இரண்டாமவர் 8,600. அவர் என் கணவரின் பூர்வீக ஊரான மன்னார்குடிப் பக்கம். மாமியாரிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினார், டீ குடித்தார். “லீவு போட வேண்டாம்மா, சனி ஞாயிறில் தட்டி முடிச்சிடுறேன்” என்றார். பக்கத்து வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் செய்த பாத்ரூம் பளபளவென்று இருக்கிறது. பாதிப் பணத்தை இப்போதே ரொக்கமாகத் தந்தால் இன்னும் குறைப்பாராம். மூன்றாமவர் ஒரு சீன முதலாளி. முகம் கொடுத்துப் பேசவில்லை, அளந்துவிட்டுப் போய் 10,900 என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். எங்கள் மனசு இரண்டாமவரிடமே போகிறது. சரிதானே?
— ஈசூன் வாசகி

பதில்: முதலில் அந்த ரொக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஊர், மரியாதை, டீ, லீவு... மாப்பிள்ளை பார்த்திருக்கிறீர்கள் தங்கச்சி. வாட்டர்புரூஃபிங் (நீர்த்தடுப்பு) எப்படிச் செய்வார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இது உங்கள் குறை மட்டும் இல்லை. பாலஸ்டியர் சாலையில் டைல்ஸ் கடையில் பல வருஷம் பில் போட்டவள் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆள் பிடித்திருப்பார்கள். “இவர் வேலை நிற்குமா?” என்பது கஷ்டமான கேள்வி, நமக்கு விடை தெரியாது. “இவரை எனக்குப் பிடிக்கிறதா?” என்பது சுலபம், உடனே விடை வந்துவிடும். அந்த விடையையே முதல் கேள்விக்கும் போட்டுவிட்டு மனசு நிம்மதியாகிவிடுகிறது.

8,600 மலிவாகத் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது. அதற்கு முன் 13,800 காதில் விழுந்துவிட்டது. எங்கள் கடையில் விற்பனைப் பையன்கள் முதலில் இத்தாலி டைலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு எதைக் காட்டினாலும் வாடிக்கையாளர் “பரவாயில்லையே” என்பார். டேனியல் கானமன், ஏமஸ் டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு சோதனை வருகிறது. எண்கள் போட்ட ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐநா உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்! முதலில் வந்தவர் 9,000 சொல்லியிருந்தால் இந்த 8,600 உங்களை இவ்வளவு இழுத்திருக்காது.

அந்த சனி ஞாயிறு கரிசனத்துக்கு வருவோம். வீவக வீடுகளில் டைல்ஸ் தட்டி எடுப்பது போன்ற சத்தமான வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவரைப் பிடித்துப் போனதால் விதிமீறலே உங்களுக்கு உதவியாகத் தெரிந்திருக்கிறது. டைல்ஸை மாற்ற வீவக அனுமதி வேண்டும், வீவக பட்டியலில் உள்ள குத்தகையாளர் (கான்ட்ராக்டர்)தான் செய்யவும் வேண்டும். கழக இணையத்தளத்தில் அவருடைய கம்பெனி பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். இருந்தால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள், வேலை நன்றாக இருக்கும் என்று அந்தப் பட்டியல் உத்தரவாதம் தருவதில்லை.

பக்கத்து வீட்டுப் பளபளப்பு டைலுடையது. பழைய டைலைத் தட்டும்போது அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விடும். திரும்பப் பூசி, சுவரிலும் கொஞ்சம் ஏற்றி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் டைல் ஒட்ட வேண்டும். அது சரியாக நடந்ததா என்பது இரண்டு மாதத்தில் தெரியாது. தெரியும்போதும் உங்களுக்கு முன்னால் கீழ்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். கூரை ஒழுகினால் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் சேர்த்து என்கிறது வீவக. அந்தச் சண்டையைக் கடையில் நிறையக் கேட்டிருக்கிறேன், வேண்டாம்மா. பக்கத்து வீட்டாரிடம் “அழகாக இருக்கிறதா?” என்று கேட்காமல், சொன்ன தேதியில் முடித்தாரா, கடைசியில் கொடுத்த தொகை என்ன, தண்ணீர் தேக்கிப் பார்த்தாரா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் செய்த வீடு ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாமவரின் இரண்டு பக்கத்தை எடுத்து, விலையை மறைத்துவிட்டு, “இதே வரிசையில் நீங்களும் எழுதித் தாருங்கள்” என்று இரண்டாமவரிடம் கேளுங்கள். தட்டுவது, குப்பை அள்ளுவது, எத்தனை பூச்சு, குழாய் மாற்றுவது, அனுமதி, எல்லாம். பழைய டைலின் மேலேயே புது டைலை ஒட்டுவதற்கான விலையாகக்கூட அந்த 8,600 இருக்கலாம். எழுதித் தந்து தொகையும் நியாயமாக இருந்தால் தாராளமாக அவருக்கே கொடுங்கள், மாமியாரும் சந்தோஷப்படுவார். சாக்குச் சொன்னால் 10,900தான்.

யாராக இருந்தாலும் முன்பணம் குறைவாக, மீதி வேலை முடிய முடிய, எல்லாம் வங்கி வழியாக, ரசீதோடு. பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள நிறுவனமா என்றும் கேளுங்கள்; அது இருந்தால், கம்பெனியை மூடிவிட்டால் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. தகராறு வந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ரசீதில்லாத ரொக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே எதை நிரூபிப்பீர்கள்?

இன்னொன்று. வயதான மாமியார் வீட்டில் இருக்கிறார், இரண்டு பாத்ரூமையும் ஒரே நாளில் தட்ட விடாதீர்கள். ஒன்று முடிந்து தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு அடுத்தது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.