மூடப்போகும் கடைக்கு ஒரு கையெழுத்து

கேள்வி: எங்கள் நகரின் நடுவே மூன்று தலைமுறையாக நடந்த ஒரு குடும்பக் கடையை அடுத்த மாதம் மூடுகிறார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லையாம். அங்கே நினைவுப் பலகை வைக்கச் சொல்லிச் சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். லாபத்துக்காகக் கடை நடத்தியவர்களுக்கு எதற்கு நினைவுச் சின்னம்?

பதில்: லாபம் இல்லாமல் எந்தக் கடையும் மூன்று தலைமுறை நடக்காது. அதைக் குற்றம்போல நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போகும் வழி அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு தலைமுறைக்கும் திறந்தேதான் இருந்திருக்கும். போகாமல் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியவர்களை ஊர் நினைத்துப் பார்க்கட்டுமே.

என் வருத்தம் வேறு. கையெழுத்து வாங்குகிறவர்கள் தாமதமாக வந்திருக்கிறார்கள். நகர மையத்துப் பழைய கடைகள் வாடிக்கையாளர் குறைந்துதான் சாகின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வாடகையும் கொல்லும். ஸ்பெயினில் பழைய வாடகை ஒப்பந்தங்களுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு 2014 டிசம்பர் 31-ல் பெருமளவு முடிவுக்கு வந்தது. வாடகை சந்தை விலைக்குத் தாவியது. பார்சிலோனாவில் தலைமுறை கண்ட கடைகள் பல, ஆள் வந்துகொண்டிருக்கும்போதே மூடப்பட்டன. அந்தக் கெடு 1994-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. இருபது வருடம் கையில் இருந்தது!

சான் பிரான்சிஸ்கோ நகரம் 2015-ல் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் அந்நகரில் நடந்துவரும் கடைகளுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். பழமை மட்டும் போதாது. அந்தப் பகுதியின் வரலாற்றிலோ அடையாளத்திலோ கடைக்குப் பங்கு இருக்க வேண்டும், தன் மரபைத் தொடரவும் அது சம்மதிக்க வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு இதற்கு ஒரு நிதியையும் ஏற்படுத்தினார்கள். கடைக்காரருக்கு உதவித்தொகை கிடைக்க அதில் வழி செய்தார்கள். அவருக்குப் பத்தாண்டு வாடகை ஒப்பந்தம் கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கும் வழி செய்தார்கள் என்பதுதான் முக்கியம். கடை உயிரோடு இருக்கையில் செய்யும் மரியாதை இது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரமும் அதே 2015-ல் தன் பழைய கடைகளைக் காக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது.

உங்கள் ஊர்க் கடைக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பலகையில் என்ன எழுதுவது என்பதைவிட, பேரேடுகளும் ரசீதுப் புத்தகங்களும் பழைய புகைப்படங்களும் எங்கே போகப்போகின்றன என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எடைக்குத்தான் போகும். ஒரு தெருவில் யார் என்ன வாங்கினார்கள், யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்த வருடம் எது விலை ஏறியது என்பதெல்லாம் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. நகர நூலகமோ ஆவணக்காப்பகமோ வாங்கிக்கொள்ளுமா என்று விசாரியுங்கள். கடையின் மூத்த ஊழியரை உட்காரவைத்து, அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். முதலாளியின் வாரிசுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

பலகை வைத்தே தீருவார்கள் என்றால், அதில் நிறுவனர் பெயரோடு வேலை பார்த்தவர்கள் பெயரும் வரட்டும். ஜப்பானின் ஒசாகாவில் 578-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோங்கோ குமி என்ற கோயில் கட்டும் நிறுவனத்தை ஒரே குடும்பம் 1,400 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியது. குடும்பம் என்றால் ரத்தவழி மட்டும் இல்லை. தகுதியான மகன் இல்லாத தலைமுறையில் மருமகனைத் தத்தெடுத்து, குடும்பப் பெயரைக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். கடன் சுமையால் 2006-ல் அது வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. குடும்பத்தின் கையைவிட்டுப் போனபிறகும், வேலை தெரிந்த தச்சர்கள் இருந்ததால் கோயில் வேலை நிற்கவில்லை.

எனவே கையெழுத்துப் போடுங்கள். போடும்போது, தாளை நீட்டுகிறவரிடம் அதே தெருவில் இன்னும் திறந்திருக்கும் பழைய கடைகள் எவை, அவற்றின் வாடகை ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்றும் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் இரண்டு பேருமாகப் போய் விசாரியுங்கள்.