ரோமியோ ஜூலியட்டை வகுப்பில் நடத்துவது: கேட்டதும் சொன்னதும்

இருபத்திரண்டு வருடங்களாக உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தை நடத்தி வருகிறேன். முதல் தடவை நடத்தப் போகிறவர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டதையும் என் பதிலையும் வரிசையாகத் தருகிறேன்.

டீச்சர், முதலில் ஷேக்ஸ்பியர் வாழ்க்கை வரலாறு, அடுத்து எலிசபெத் காலம், அப்புறம் நாடகம் என்று திட்டமிட்டிருக்கிறேன். சரிதானே?

வரலாற்றைப் பின்னால் தள்ளிவிடுங்கள். முதல் நாளே நாடகத்துக்குள் போய்விட வேண்டும். முன்னுரைப் பாட்டு 14 வரிதான். ஆளுக்கு ஒரு வரியாகப் பிள்ளைகளை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு குடும்பங்களின் பகை, அதில் மாட்டிய இரண்டு பிள்ளைகளின் சாவு, எல்லாம் அந்த 14 வரிக்குள் வந்துவிடும். "முடிவைத்தான் சொல்லிட்டாரே, இனி என்ன இருக்கு?" என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதி, நாடகம் முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

கூடவே, பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஞாயிறு முதல் வியாழன் வரை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அது எந்தக் கிழமை, எந்த நேரம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்து எழுதட்டும். ஞாயிறு காலையில் தெருச் சண்டை, ராத்திரி விருந்தில் சந்திப்பு. திங்கள் மதியம் கல்யாணம், அது நடந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு கொலை. வியாழன் விடியும்போது எல்லாம் முடிந்துவிடும். கதையின் மூலம் ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய நீண்ட கவிதை. அதில் இதெல்லாம் நடக்க மாதக்கணக்கில் ஆகிறது. ஷேக்ஸ்பியர் அதை ஐந்து நாளுக்குள் இறுக்கினார். ஏன் இறுக்கினார் என்று கேட்கத் தொடங்கினாலே பாதிப் பாடம் நடந்துவிடும்.

மேடம், ஜூலியட்டுக்குப் பதின்மூன்று வயதுதான். இதைச் சொல்லலாமா, மழுப்பிவிடலாமா?

சொல்லுங்கள். நாடகமே சொல்கிறது: பதினான்கு நிறைய இரண்டு வாரமும் சில நாள்களும் பாக்கி. புரூக்கின் கவிதையில் அவளுக்குப் பதினாறு. ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறார். "அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைய இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டு வரும்போது அவளுடைய அப்பா கேப்புலெட்டே, இன்னும் இரண்டு கோடை போகட்டும், சீக்கிரம் தாயாகிறவர்கள் சீக்கிரம் கெட்டுப் போகிறார்கள் என்கிறார். அதே மனிதர் மூன்றாம் அங்கத்தில் எப்படி மாறுகிறார் என்று பார்க்க இந்த வரி கட்டாயம் வேண்டும். பிள்ளைகளை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படத்தை முதலில் காட்டிவிட்டால் கதை சுலபமாகப் புரியுமே?

கதை புரியும், வரிகள் மேல் ஆர்வம் போய்விடும். ஒரு காட்சியை வாசித்து நடித்த பிறகு, அதே காட்சியை இரண்டு வெவ்வேறு படங்களில் காட்டி ஒப்பிடச் சொல்லுங்கள்.

மாடக் காட்சியை எப்படி நடத்துவது? "ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?" என்ற இடத்தில் பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள்.

அவள் "எங்கே" என்று கேட்கவேயில்லை. மூலத்தில் உள்ள "வேர்ஃபோர்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு "ஏன்" என்று பொருள். நீ ஏன் ரோமியோவாக, அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகப் பிறந்தாய் என்பது கேள்வி. அவன் கீழே நிற்பதே அவளுக்குத் தெரியாது. வாசிக்கும்போது ரோமியோ என்ற பெயரில் அழுத்தம் விழட்டும், பொருள் தானாகத் திறந்துகொள்ளும். இன்னொன்று: மாடம் என்ற சொல்லே நாடகத்தில் கிடையாது. ஜன்னல் மட்டும்தான் உண்டு. இதைச் சொன்னதும் மூலத்தைத் தேடிப் பார்க்கப் பிள்ளைகள் பாய்வார்கள். பாயட்டும்.

இது காதலே இல்லை, வெறும் மோகம் என்று மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டாமா? காலையில் ரோசலின், ராத்திரி ஜூலியட்!

நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், வரிகளைக் காட்டுங்கள். ஜூலியட்டைப் பார்க்கும் முன் தான் ஆசைப்பட்ட ரோசலினைப் பற்றி ரோமியோ பேசும்போது "குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம்" என்று தேய்ந்த சொற்களாகவே வருகின்றன. ரோசலின் மேடைக்கு வருவதும் இல்லை, பேசுவதும் இல்லை. ஜூலியட்டிடம் அவன் முதல்முறை பேசுவதைப் பாருங்கள். அவன் நான்கு வரி சொல்கிறான், அவள் நான்கு வரியில் பதில் தருகிறாள், மிச்சம் ஆறு வரியை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். மொத்தம் 14 வரி, இயைபோடு ஒரு முழு சானெட், அதாவது 14 வரிக் கவிதை. முன்பின் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு கவிதையைக் கட்டி முடிக்கிறார்கள்.

நான் இதை இப்படி நடத்துவேன். இரண்டு பேரை வகுப்பின் இரண்டு மூலையில் நிற்கவைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடி முன்னே வரச் சொல்வேன். கடைசி வரியில் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பார்கள். தொட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும், பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவசரம் இருக்கிறதா? இருக்கிறது. அதைச் சொல்வதும் ஜூலியட்தான். இது ரொம்ப வேகம், யோசனை இல்லாதது, திடீரென்று வந்தது, மின்னலைப் போல என்று அவளே சொல்கிறாள். நிலவின்மேல் சத்தியம் செய்யாதே, அது மாதத்துக்கு மாதம் மாறுவது என்கிறாள். இவ்வளவு தெளிவாக யோசிக்கும் பெண்ணை "மோகம்" என்ற ஒரு சொல்லில் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் காட்சியில் வேலைக்காரர்களின் கொச்சைப் பேச்சு?

சில வரிகளைத் தாண்டிப் போகலாம். தாண்டுகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் தாண்டுங்கள்.

சாவுக் காட்சியை நடத்தப் பயமாக இருக்கிறது, மேடம்.

பயம் நியாயமானது. ஒரு வாரம் முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: கடைசி அங்கத்தில் தற்கொலை வருகிறது, யாருக்காவது கஷ்டமாக இருந்தால் தனியாக வந்து பேசலாம். யாரிடம் பேசலாம் என்று ஒரு ஆளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பள்ளியில் மனநல ஆலோசகர் இருந்தால் இந்தப் பாடம் போவது அவருக்கும் தெரிந்திருக்கட்டும். அந்தக் காட்சியை நடிக்க வைக்காதீர்கள், உட்கார்ந்து வாசித்தால் போதும்.

இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: "காதலுக்காக உயிரைக் கொடுப்பது சரியா?" என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ரோமியோவின் கடைசிக் கடிதத்தை எழுதச் சொல்லாதீர்கள். என் முதல் வருடத்தில் அந்தத் தலைப்பை நான் கொடுத்தேன். ஒரு பிள்ளை எழுதியது நாடகத்தைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றி. சரியான நேரத்தில் வாசித்ததால் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச முடிந்தது, உதவியும் கிடைத்தது. வாசிக்கத் தாமதமாகியிருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த துறவி லாரன்ஸ்தான் முழுக் குற்றவாளி என்று என் வகுப்பே சொல்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?

கையில் நல்ல ஆதாரம் இருந்தால் ஒத்துக்கொள்ளலாம். யாரும் கவனிக்காத ஒன்றைத் தருகிறேன். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. நாடுகடத்தப்பட்ட ரோமியோவை மாந்துவா என்ற ஊருக்கு அனுப்பும்போது, உன் ஆளைக் கண்டுபிடித்து அவன் வழியாகச் சேதி அனுப்புகிறேன் என்று துறவி வாக்குக் கொடுக்கிறார். அந்த ஆள் ரோமியோவின் வேலைக்காரன் பால்தசார். ஆனால் ஜூலியட்டைச் செத்ததுபோல் தூங்கவைக்கும் மருந்துத் திட்டத்தைச் சொல்லும் கடிதத்தை அவர் பால்தசாரிடம் தரவில்லை, இன்னொரு துறவியான ஜானிடம் தருகிறார். பால்தசாருக்குத் திட்டமே தெரியாது. ஜூலியட்டைக் கல்லறையில் வைத்ததைப் பார்த்துவிட்டு நேரே மாந்துவாவுக்கு ஓடுகிறான். "துறவியிடமிருந்து கடிதம் இல்லையா?" என்று ரோமியோ அவனிடம் கேட்கிறான். இல்லை. அந்த ஒரு கேள்வியை வகுப்பில் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.

துறவியின் மேல் இப்படிப் பழி போடுவது அநியாயம், அம்மா. பகை தீரட்டும் என்ற நல்லெண்ணத்தில்தானே கல்யாணம் செய்து வைத்தார்? கடிதம் போகாததற்குக் கொள்ளைநோய் காரணம், அவர் இல்லை.

கொள்ளைநோய் உண்மைதான். நோய் இருக்கிறது என்று சந்தேகப்பட்ட வீட்டில் ஜானை அடைத்துவிட்டார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை. நாடகம் எழுதப்படுவதற்குச் சற்று முன்னால், 1592 முதல் 1594 வரை, கொள்ளைநோயால் லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அன்றைய பார்வையாளர்களுக்கு அடைத்த வீடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்திருக்காது. நல்லெண்ணத்தையும் மறுக்கவில்லை. ஆனால் "மெதுவாகப் போ, ஓடுகிறவன் தடுக்கி விழுவான்" என்று புத்தி சொன்னவரே அன்று மதியமே மணம் முடித்து வைக்கிறார்.

கல்லறையில் அவர் ஜூலியட்டைத் தனியே விட்டு ஓடியதை ஏன் சொல்லவில்லை? அதுதானே பெரிய குற்றம்?

ஆமாம், எனக்கும் அதுதான் கனமான இடம். ஒரு நியாயம் மட்டும்: முதலில் அவளைக் கூடவே வரச் சொல்கிறார், கன்னியர் மடத்தில் சேர்க்கிறேன் என்கிறார். அவள் அசையவில்லை. காவலர் சத்தம் கேட்டதும் "இனி நிற்கத் துணிவில்லை" என்று போய்விடுகிறார்.

முன்னுரையிலேயே நட்சத்திரங்களின் பகை என்று வருகிறது. எல்லாம் விதி. ஆள்களைக் குறை சொல்லி என்ன பயன்?

விதி என்று சொன்னால் வகுப்பு அங்கேயே முடிந்துவிடும். கட்டத்தைப் பாருங்கள். வியாழக்கிழமை என்று குறித்த பாரிஸ் கல்யாணத்தை, மகள் சம்மதித்த சந்தோஷத்தில் புதன்கிழமைக்கு மாற்றுவது கேப்புலெட். அதனால் ஜூலியட் ஒரு நாள் முன்பே மருந்தைக் குடிக்கிறாள், கடிதத்துக்கு இருந்த அவகாசம் சுருங்குகிறது. அதை மாற்றியது ஒரு அப்பா.

மறுபடியும் நான்தான், துறவிக்காக வாதாடியவன். கடைசியில் அந்த ஊரை ஆளும் இளவரசரே அவரைப் புனிதமானவர் என்கிறாரே! நீங்கள் அதைவிடக் கடுமையாக இருக்கலாமா?

சரி, இந்த இடத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். இளவரசர் அப்படித்தான் சொல்கிறார். துறவியும் எதையும் மறைக்காமல் முழுக்கதையையும் சொல்லி, தண்டனைக்குத் தன்னையே ஒப்புக்கொடுக்கிறார். அந்தக் கூட்டத்தில் அப்படிச் செய்கிற பெரியவர் அவர் ஒருவர்தான். உங்கள் மாணவர்கள் அவரைக் குற்றவாளி என்றால், இந்தப் பேச்சையும் சாட்சியமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் துறவியோடு நிறுத்திவிட்டால் மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சி கைநழுவிவிடும். எனக்கு நாடகத்தின் நடுத்தண்டு அதுதான். பாரிஸை மணக்க மாட்டேன் என்கிறாள் ஜூலியட். இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்ற அதே அப்பா, "பிச்சையெடு, பட்டினி கிட, தெருவில் செத்துப் போ" என்கிறார். அம்மாவிடம் திரும்புகிறாள். "உன்னோடு எனக்குப் பேச்சில்லை" என்று அம்மா போய்விடுகிறாள். மிச்சம் இருப்பது பால் கொடுத்து வளர்த்த செவிலி, ரகசியக் கல்யாணத்துக்கு நடையாய் நடந்தவள். அவளும் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். ஒரே காட்சியில் மூன்று கதவு அடைபடுகிறது. அதன் பிறகுதான், அந்தக் காட்சியின் கடைசி வரியில், எல்லா வழியும் அடைபட்டால் சாக எனக்குச் சக்தி உண்டு என்கிறாள். மேடையில் நான்கு நாற்காலி போட்டு, ஒவ்வொருவராக எழுந்து போகும்போது நாற்காலியையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஜூலியட்டாக வாசிக்கும் பிள்ளை தனியே உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நம் அகப்பாடல்களோடு ஒப்பிடலாமா?

தாராளமாக. தலைவியின் களவை, அதாவது ரகசியக் காதலை, தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் சொல்வதை அறத்தொடு நிற்றல் என்கிறோம். உண்மை வீட்டுக்குள் போய்ச் சேர அங்கே ஒரு வழி இருக்கிறது. இங்கே செவிலிக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. தமிழும் படிக்கிற பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மேடம், இது உண்மைக் காதலா மோகமா என்று…

மேலே ரோசலின் பற்றிய பதிலைப் பாருங்கள். இதே கேள்வி இன்னும் ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் பதில் அதுதான்.

பரீட்சைக்கு எந்தக் காட்சி முக்கியம்?

வினாத்தாள் தயாரிக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். நான் மேலே சொன்ன காட்சிகளை நன்றாக வாசித்த பிள்ளை எதைக் கேட்டாலும் எழுதும்.

ஹாம்லெட்டையும் இதே வகுப்புக்கு நடத்தலாமா?

நான் நடத்தியதில்லை. நடத்தியவர்களிடம் கேளுங்கள்.

எந்தப் பதிப்பு வாங்கலாம்?

மூலவரிகளுக்கு எதிர்ப்பக்கத்திலேயே குறிப்பு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். "எளிய நடையில்" என்று வரிகளையே மாற்றி எழுதியது வேண்டாம்.

கட்டுரைத் தலைப்பு ஒன்று தருவீர்களா? "காதலுக்காகச் சாவது தியாகமா?" என்று யோசித்திருக்கிறேன்.

வேண்டாம். ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து வாசியுங்கள். மாற்றாக இதைக் கொடுங்கள்: "ஐந்து நாளில் எந்த மணி நேரத்தில், யார், யாரிடம், எந்த உண்மையைச் சொல்லியிருந்தால் இது நின்றிருக்கும்? வரிகளைக் காட்டி எழுதுக." நான் வருடாவருடம் கொடுக்கும் தலைப்பு இது. ஒரு வருடம் ஒரு பெண் ஜூலியட்டையும் விட்டுவிட்டு, துறவியையும் விட்டுவிட்டு, செவிலி அன்று இரவே அம்மாவிடம் பேசுகிற ஒரு காட்சியை எழுதிக் கொண்டுவந்தாள். அதை அடுத்த நாள் வகுப்பில் நடித்தோம்.

கடைசி வகுப்பில் என்ன செய்வீர்கள், டீச்சர்?

இளவரசரின் கடைசிப் பேச்சை எல்லோரும் சேர்ந்து வாசிப்போம். அப்புறம் பலகையில் இருக்கும் ஐந்து கட்டத்தைப் பிள்ளைகளே அழிப்பார்கள், வியாழனில் தொடங்கி ஞாயிறு வரை.