எடை 104 கிலோ. கடலூர் கேப்பர் மலைப் பக்கம் எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டினால் பின் டயர் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. என்ன செய்யலாம்?

கழற்றிய டியூபில் கொஞ்சம் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். ஒரே ஓட்டை, அதுவும் டயர் பக்கம் என்றால் முள். சீமைக்கருவேலம் இருக்கும்வரை நம் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக் முனை குத்துகிறது, ஸ்போக் முனைகளை மூடும் ரிம் டேப்பை மாற்றுங்கள். அருகருகே இரண்டு கீறல் இருந்தால் அது பிஞ்ச் பஞ்சர். கல் மோதும் வேகத்தில் டயர் முழுக்க அமுங்கி, ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் பாக்குவெட்டியில் மாட்டிய பாக்காக நசுங்குகிறது. உங்கள் எடைக்கு அநேகமாக இதுதான்.

நானும் 98 கிலோ. புதுச்சேரியிலிருந்து ஆரோவில், ஊசுட்டேரி என்று ஓட்டுகிறேன். எடை ஒரு குற்றமில்லை, எடைக்கு ஏற்ற காற்று இல்லாததுதான் பிரச்சினை.

சின்னக் கணக்கு போடுவோம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து சுமார் 120 கிலோ. அதில் 60 சதவீதம் பின் சக்கரத்தில் என்றால் 72 கிலோ. காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ. கணக்கில் சொல்வார்கள். 40 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.8 கிலோ. அப்படியானால் அந்த 72 கிலோவைத் தாங்க டயர் தரையில் 26 சதுர செ.மீ. அளவுக்கு அமுங்கினால் போதும். 30 பி.எஸ்.ஐ. என்றால் 34 வரை அமுங்கவேண்டும். சும்மா நிற்கும்போதே இப்படி. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் தரையைத் தொட மிச்சம் என்ன இருக்கும்? பின் டயரே ஏன் அடிவாங்குகிறது என்பதும் இதிலேயே தெரிகிறது.

ஆகவே முதல் செலவு மீட்டர் வைத்த தரைப் பம்ப். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது, 30க்கும் 40க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. டியூபில் காற்று தானாகவே மெல்ல இறங்கும், அதனால் ஓட்டப்போகும் நாள் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2.1 அல்லது 2.25 இன்ச் டயர் என்றால் பின்னால் 40, முன்னால் 36 என்று ஆரம்பிக்கலாம். ரிம் இடித்தால் இரண்டு கூட்டுங்கள். சரளையில் சக்கரம் துள்ளி வழுக்கினால் இரண்டு குறையுங்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், ஓட்டும் விதம். கேப்பர் மலைச் செம்மண்ணை மழை ஓடை ஓடையாக அரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து போனால் போன வருஷத் தடமே இருக்காது. முந்திரி வேர்கள் வெளியே தெரியும், ஓடைக் கரைகள் செங்குத்தாக வெட்டினாற்போல நிற்கும். ஆரோவில் பக்கமும் இதே கதைதான். இந்த மாதிரி விளிம்பில் சீட்டில் உட்கார்ந்தபடியே ஏறினால் 50 பி.எஸ்.ஐ. இருந்தாலும் டியூப் போகும். இரண்டு பெடலையும் சமமாக வைத்து எழுந்து நில்லுங்கள், முட்டியும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். முன் சக்கரம் விளிம்பைத் தொடும்போது ஹேண்டில்பார் மேல் பாரம் வேண்டாம். அது தாண்டியதும் உடம்பை முன்னால் கொண்டுபோய்ப் பின் சக்கரத்துக்கு வழிவிடுங்கள். முக்கியமானது, பிரேக்கை விளிம்புக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். மோதும் நேரத்தில் முன் பிரேக் பிடித்தால் பாரம் எல்லாம் முன் டயரில் இறங்கும். தெரு ஸ்பீடு பிரேக்கரில் பழகலாம், பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

தடித்த டியூப் வாங்கச் சொல்வார்கள். முள்ளுக்கு ஓரளவு உதவும், நசுங்கலுக்குப் பெரிய பலன் இல்லை. அந்தக் காசை அகல டயரில் போடுங்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் 2.35 நல்லது, உள்ளே காற்று அதிகம் பிடிக்கும்.

டியூப்லெஸ்? நசுங்க டியூபே இல்லை, முள் குத்திய ஓட்டையையும் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் அடைத்துவிடும். ஆனால் அதற்கேற்ற ரிம்மும் டயரும் வேண்டும், விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது. நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றவேண்டும். காற்று குறைவாக ஓட்டினால் டயரே வெட்டுப்படும். அதனால் இப்போதைக்கு அவசரப்படாதீர்கள்.

இவ்வளவு பஞ்சருக்கு அப்புறம் ரிம் நெளிந்திருக்க வாய்ப்பு உண்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு விளிம்பை ஒருமுறை பாருங்கள். நெளிவு இருந்தால் புது டியூப் போடும் முன் அதைச் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள்.