சுந்தரருக்கு இரண்டு மனைவிகள் இருந்ததைக் காட்டி இன்று ஒருவர் இரண்டாம் கல்யாணத்தை நியாயப்படுத்த முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: அவருடைய மாமா, மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணைக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார். யாராவது வாயைத் திறந்தால் "முருகனுக்கே ரெண்டு, சுந்தரருக்கே ரெண்டு, அவங்களைக் கும்பிடலையா?" என்கிறாராம். வீட்டில் ஒருவருக்கும் பதில் சொல்ல வரவில்லையாம்.

முருகனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாமிக்கு ஆறு முகமும் பன்னிரண்டு கையும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்றுவேன் என்பவரிடம் பேசிப் பயனில்லை. போகட்டும், அந்தக் குடும்பத்திலும் சண்டை இல்லாமல் இல்லை. பரிபாடலின் ஒன்பதாம் பாட்டைப் பாருங்கள். திருப்பரங்குன்றத்தில் வள்ளி பக்கத்துத் தோழிகளும் தெய்வானை பக்கத்துத் தோழிகளும் மோதிக்கொள்கிறார்கள். மயிலும் கிளியும்கூடக் கட்சி பிரிந்து நிற்கின்றன.

சுந்தரர் கதைதான் விரிவாகப் பேச வேண்டியது. அவர் நாம் கைகூப்பும் ஒரு மனிதர், சைவ நாயன்மார் அறுபத்துமூவரில் ஒருவர். தன் கதையைத் தன் வாயாலேயே தேவாரத்தில் பாடி வைத்துவிட்டுப் போனவர். பரவை பெயரும் சங்கிலி பெயரும் அவருடைய பாட்டிலேயே இருக்கின்றன. ஆகவே "இதெல்லாம் பிற்காலத்துக் கட்டுக்கதை" என்று தள்ளிவிட முடியாது. 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் இதை மறைக்கவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துகொள்வோம். சுந்தரருக்குப் பேசிய கல்யாணங்கள் மூன்று. முதலாவது, புத்தூர் சடங்கவி சிவாசாரியாரின் மகளோடு. கோயில் பூசை செய்யும் ஆதிசைவக் குலம், குலத்துக்குள்ளேயே சம்பந்தம். மண ஓலை அனுப்பி, பாலிகை முளையிட்டு, காப்புக் கட்டி, மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்கி, எல்லாம் முறைப்படி நடக்கிறது. அந்தப் பந்தலில்தான் ஒரு கிழவர் ஓலையோடு வந்து "உன் பாட்டன் எனக்கு அடிமை எழுதிக் கொடுத்திருக்கிறான், நீயும் எனக்கு அடிமை" என்று வழக்காடுகிறார். இவர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது, கிழவர் மூல ஓலையை எடுத்துக் காட்டி ஜெயிக்கிறார், கோயிலுக்குள் போய் மறைகிறார். வந்தவர் சிவன். "பித்தா பிறைசூடீ" பிறந்தது அங்கேதான்.

இந்தக் காட்சியைப் பாடாத ஓதுவார் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ஓவியமாகவும் இருக்கிறது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண் என்ன ஆனாள்? சுந்தரரையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சொல்லிக் கதை நகர்ந்துவிடுகிறது. அப்பன் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. சுந்தரர் வரலாற்றில் எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் உள்ள இடம் இதுதான். இரண்டு மனைவிகள் விஷயம் இதற்கு அப்புறம்தான்.

பரவையார் திருவாரூர்க்காரர், கோயிலில் ஆடிப் பாடும் உருத்திரகணிகையர் குலம். கோயிலில் பார்த்த மாத்திரத்தில் இருவருக்கும் மனம் போய்விடுகிறது. "கற்பகத்தின் பூங்கொம்போ" என்று சேக்கிழார் பாட்டுக் கட்டுவது அந்த நிமிஷத்துக்குத்தான். திருவாரூர்ச் சிவன் தியாகராஜரே அடியார்கள் கனவில் போய்ச் சொல்லிக் கல்யாணத்தை நடத்தி வைக்கிறார். சங்கிலியாரோ ஞாயிறு என்ற ஊரின் வேளாளர் மகள். ஆக, குலத்துக்குள் பெரியவர்கள் பார்த்துவைத்த சம்பந்தத்தைச் சிவன் நின்று தடுக்கிறார். குலம் விட்டுக் குலம் நடந்த இரண்டையும் அவரே முன்னின்று முடிக்கிறார். உங்கள் மாமா இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேசுகிறாரா, அவர் வீட்டுப் பெண் வேறு சாதியில் கட்டிக்கொள்கிறேன் என்றால் "சுந்தரரே செய்தார்" என்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பரவையோடு அவர் நடத்தியது சாதாரணக் குடித்தனம். வீட்டில் நெல் இல்லை. குண்டையூர்க் கிழார் நெல் கொடுக்கிறார், கொண்டுவர ஆள் இல்லை. "வாளன கண்மடவாள் அவள் வாடி வருந்தாமே" என்று திருக்கோளிலிப் பெருமானிடம் வண்டி கேட்காத குறையாகப் பாடுகிறார். இன்னொரு முறை முதுகுன்றத்தில் (இன்றைய விருத்தாசலம்) கிடைத்த பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடுகிறார். கரையில் நின்று பரவை கேலி செய்கிறார். இவரோ "வம்பமருங் குழலாள் பரவை இவள் வாடுகின்றாள், எம்பெருமான் அருளீர்" என்று கெஞ்சுகிறார். பெண்டாட்டி முன்னால் மானம் போகிறதே என்று ஒருவர் பாடியது இன்று திருமுறையாக இருக்கிறது.

அடுத்து ஒற்றியூர், அதாவது திருவொற்றியூர். நான் வளர்ந்த ஊர், அதனால் இந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

சங்கிலியார் கன்னிமாடத்தில் இருந்து கோயிலுக்கு மாலை கட்டுகிறார். சுந்தரர் பார்க்கிறார், நேரே போய் இறைவனிடம் கேட்கிறார். இறைவன் சங்கிலியின் கனவில் தூது போகிறார். அந்தப் பெண் பதறவும் இல்லை, சாமியே சொல்லிவிட்டதே என்று உடனே தலையாட்டவும் இல்லை. அவர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்கிறவர் ஆயிற்றே என்று எடுத்துச் சொல்கிறார். "உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்து தருவான்" என்கிறார் இறைவன்.

சுந்தரருக்கு இது இடிக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர், ஒரே ஊரில் எப்படி இருப்பார்? ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார். "நான் சந்நிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், மகிழ மரத்துக்குப் போய்விடுங்கள்" என்று சாமியிடமே ஏற்பாடு. சாமியும் சரி என்கிறார். சொல்லிவிட்டு நேரே சங்கிலியின் கனவுக்குப் போய், "சந்நிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் செய்யச் சொல்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். விடியும் முன்னே தோழிகள் அதையே சொன்னதும் சுந்தரர் திகைத்துப் போகிறார். வேறு வழியில்லாமல் மரத்தை மூன்று முறை சுற்றி வந்து சத்தியம் செய்கிறார்.

மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இதை இன்றும் நடத்துகிறார்கள். சிறு வயதில் எங்கள் ஆயாவோடு கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஆயா படிக்காதவர், பெரியபுராணம் முழுக்கக் கேள்வி ஞானம்தான். "சாமியைக் கூட்டு சேர்த்துக்கினு ஏமாத்தப் பார்த்தான், அந்தச் சாமியே காட்டிக் குடுத்துச்சு பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரிப்பார். இதைவிடச் சுருக்கமான உரையை நான் எந்தப் பண்டிதரிடமும் கேட்டதில்லை.

வசந்தம் வருகிறது, திருவாரூர்த் திருவிழா நினைவு வருகிறது, பரவையின் பாட்டும் ஆட்டமும் நினைவு வருகிறது. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகின்றன.

"சாமி மன்னித்துவிட்டார்" என்று இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறவர்கள் சுந்தரர் பாடல்களான ஏழாம் திருமுறையில் 54-ஆம் பதிகத்தைத் திறக்காதவர்கள். அதில் ஒரு பாட்டில், "அகத்திற் பெண்டுகள் நான்ஒன்று சொன்னால் அழையேற் போகுருடா எனத் தரியேன்" என்கிறார். வீட்டுப் பெண்களே 'கூப்பிடாதே, போடா குருடா' என்று சொல்வார்களே, அதைத் தாங்கமாட்டேனே என்று அழுகிறார். நாயன்மார் பாட்டில் இப்படி ஒரு வீட்டுப் பேச்சை வேறெங்கும் பார்ப்பது அரிது. "ஊன்றுகோல் எனக்காவதொன் றருளாய்" என்று கேட்பதும் இதே பதிகம்தான். அந்தக் கோல் திருவெண்பாக்கத்தில் கிடைக்கிறது. "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்டதற்கு, "உளோம் போகீர்" (இருக்கிறோம், நீர் போம்) என்று யாரோ போல ஒரு பதில் வருகிறது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.) வழியில் திருமுல்லைவாயிலில் "சங்கிலிக்கா என்கண் கொண்ட பண்ப" என்று பெயரைச் சொல்லியே குறைபட்டுக்கொள்கிறார். காஞ்சிபுரத்தில் ஒரு கண் வருகிறது. இன்னொரு கண் திருவாரூர் போய், "மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று சண்டை போட்ட பிறகுதான் வருகிறது.

கண் வந்தது, வீடு திறக்கவில்லை. பரவைக்குச் செய்தி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அவருக்காகப் பேச்செடுத்தால் உயிரை விடுவேன் என்கிறார். சுந்தரர் நடுராத்திரியில் இறைவனைத் தூது அனுப்புகிறார். கோயில் குருக்கள் வேஷத்தில் வந்தவரைப் பரவை விடுகிற விடு, பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்த இடங்களில் ஒன்று:

"பங்குனித் திருநாளுக்குப் பண்டுபோல் வருவா ராகி
இங்கெனைப் பிரிந்து போகி ஒற்றியூர் எய்தி அங்கே
சங்கிலித் தொடக்குண் டாருக்கு இங்கொரு சார்வு உண்டோ நீர்
கங்குலின் வந்து சொன்ன காரியம் அழகிது என்றார்."

சங்கிலியிடம் கட்டுண்டவருக்கு இங்கே என்ன இடம், ராத்திரி வேளையில் வந்து நீர் பேசும் பேச்சு ரொம்ப அழகு, போம் என்கிறார். இரண்டாவது தடவை சொந்த உருவத்தில் வந்த பிறகுதான் பரவை இறங்கி வருகிறார்.

இத்தோடும் விடவில்லை. ஏயர்கோன் கலிக்காமர் என்றொருவர், ஒரு பெண்ணிடம் சமாதானம் பேசச் சாமியைத் தெருவில் நடக்கவிட்டவன் ஓர் அடியவனா என்று கொதிக்கிறார். அவருக்குச் சூலை நோய் (கொடிய வயிற்றுவலி) வருகிறது. சுந்தரன் வந்தால்தான் தீரும் என்று இறைவன் சொல்ல, அவன் கையால் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று வயிற்றைக் கிழித்துக்கொள்கிறார். அதைக் கண்ட சுந்தரரும் உயிரை விடத் துணிகிறார். உயிர் மீண்ட கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுக்க, அங்கிருந்து இருவரும் நண்பர்கள். சைவ மரபு இந்த மனிதரை என்ன செய்தது? நாயன்மார் ஆக்கியது. சுந்தரரைத் திட்டியவருக்கும் சுந்தரருக்கும் ஒரே வரிசையில் சிலை, ஒரே தீபாராதனை.

"கயிலாயத்தில் கமலினி, அநிந்திதை என்ற இரண்டு தோழிப்பெண்களை ஆசையாகப் பார்த்ததால் அந்த வினை தீரப் பூமிக்கு வந்தார், எல்லாம் தத்துவம்" என்று பிரசங்கத்தில் சமாதானம் சொல்வார்கள். கதையின் தொடக்கத்தில் அது இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை வைத்துப் பரவையின் கோபத்தையும் சங்கிலியின் நிபந்தனையையும் நாடகமாக்கிவிட வேண்டாம். கடைசியில் இரண்டு பேரும் கயிலாயம் திரும்பி அம்பிகையிடம் தங்கள் பழைய பணிக்கே போய்ச் சேர்கிறார்கள், சுந்தரரிடம் அல்ல.

இன்னொன்று. கோட்புலியார் தம் இரண்டு பெண்களையும், சிங்கடி, வனப்பகை, அடிமையாக ஏற்றுக்கொள்ளும்படி சுந்தரரிடம் கொண்டுவந்து நிறுத்தினார். மறுக்க யாரும் இல்லாத அந்த இடத்தில் அவர் "இவர்கள் என் மகள்கள்" என்று மடியில் வைத்துக்கொண்டார். நாட்டியத்தான்குடிப் பதிகத்தில் தம்மையே "சிங்கடியப்பன்" என்று சொல்லிக்கொள்கிறார். மாமாவின் பட்டியலில் இதுவும் இருக்கிறதா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அத்தைக்கு அதுதான் உதவும். நம் தாத்தாக்கள் காலத்தில் இரண்டு பெண்டாட்டி கட்டுவது குற்றம் இல்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு அதைத் தடுத்தது 1949-ஆம் ஆண்டுச் சட்டம், நாடு முழுக்க 1955-இன் இந்துத் திருமணச் சட்டம். முதல் மனைவி உயிரோடு இருந்து, விவாகரத்தும் ஆகாதபோது நடக்கும் இரண்டாவது கல்யாணம் செல்லாது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 494, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆவது பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் கல்யாணம் முறைப்படி நடந்ததற்குச் சாட்சி வேண்டும். கோயிலில் தாலி கட்டியதாகச் சொல்கிறீர்கள். போட்டோ, ரசீது, பத்திரிகை எது கிடைத்தாலும் அத்தை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். ஜீவனாம்சம் கேட்பது தனி வழக்கு, அதற்கு மாமா ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டிய அவசியம் இல்லை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அத்தையே முடிவு செய்யட்டும். வீட்டில் யாரும் அவரிடம் "அனுசரிச்சுப் போ" என்று தூது போகாமல் இருந்தால் போதும்.