வளையம் வராத வெற்றிலை

அன்புள்ள அக்கா,

கோலாலம்பூரில் பயோமெடிக்கல் சயன்ஸ் கடைசி ஆண்டு படிக்கிறேன். என் எஃப்வைபி, அதாவது கடைசி ஆண்டு ஆய்வு, வெற்றிலையைப் பற்றியது. பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் கையில் காயம் பட்டால் வெற்றிலையைக் கசக்கி வைத்துக் கட்டுவாராம். அதை நினைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

இலையை ஆய்வகத்து அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்தி, பொடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டினேன். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை என்ற இரண்டு பாக்டீரியாக்களையும் தட்டில் வளர்த்து, சாற்றில் நனைத்த சின்னத் தாள் வட்டை, அதாவது டிஸ்க்கை, மேலே வைத்துப் பார்த்தேன். மூன்று முறை செய்தும் டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையமே வரவில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் டிஸ்க்கைச் சுற்றி மட்டும் பெரிய வளையம். வெற்றிலையை எத்தனாலில் ஊறவைத்துச் செய்த தோழிக்கு 12 மில்லிமீட்டர் வந்திருக்கிறது.

அறிக்கை கொடுக்க ஆறு வாரம்தான் இருக்கிறது. "எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் என்று போட்டுவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லப் பயமாக இருக்கிறது. நான் தோற்றுவிட்டேனா? பாட்டி செய்தது வீண்தானா? பெயரைப் போடாதீர்கள்.

ஒரு மாணவி, கோலாலம்பூர்

* * *

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த எட்டு மில்லிமீட்டர். அதை எழுதாதே. பிடிபடுவாய் என்பதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலும் பிடிபட மாட்டாய். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கிறார்களே, பார்த்தவள் நான். முதுகலை படிக்கும்போது எனக்கு முன்னால் அந்த ஆய்வகத்தில் இருந்த ஒருவரின் அறிக்கையை என் கையில் கொடுத்து, "இதிலிருந்து தொடங்கு" என்றார்கள். அதில் ஒரு அட்டவணை. அதே இலை, அதே பாக்டீரியா, அதே அளவு. எனக்கு அந்த எண் வரவே இல்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்து ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செய்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கடைசியில் அந்த ஆளே இன்னொருவரிடம் சொன்னது என் காதுக்கு வந்தது: அந்த வரிசையை அவர் அளக்கவே இல்லை, நேரம் போதாமல் எழுதிவிட்டார். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதம் போனது போனதுதான். உன் அறிக்கையும் ஒரு அலமாரிக்குத்தான் போகும். என்றைக்காவது ஒரு தங்கை அதை எடுத்துத் திறப்பாள்.

இப்போது உன் தட்டுகளுக்கு வருகிறேன். நீ தோற்கவில்லை என்பதற்குச் சாட்சி உன் கடிதத்திலேயே இருக்கிறது: சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பெரிய வளையம் வந்திருக்கிறது. அப்படியென்றால் தட்டில் ஊற்றிய அகர் கூழ் சரி, பாக்டீரியா சரியாக வளர்ந்திருக்கிறது, தடுக்கக்கூடிய ஒன்றை வைத்தால் வளையம் வரும் என்பதும் சரி. அந்த டிஸ்க்கும் வளையம் காட்டாமல் இருந்திருந்தால்தான் உன் வேலை வீண். உன் தட்டு ஒழுங்காக வேலை செய்து "இல்லை" என்று பதில் சொல்லியிருக்கிறது. எந்தக் கேள்விக்கு இல்லை என்றது என்பதுதான் நீ இனி யோசிக்க வேண்டியது.

வெற்றிலையைக் கிள்ளினால் மூக்கில் ஏறும் காரமான வாசனை இருக்கிறதே, யூஜினால், சாவிகால் போன்ற எண்ணெய்ப் பொருட்கள்தான் அது. பாக்டீரியாவைத் தொந்தரவு செய்யும் பொருட்களில் அவையும் உண்டு. வாசனையாக மூக்குக்கு வருகிறது என்றாலே காற்றில் பறக்கக்கூடியது என்றுதான் அர்த்தம். நீ அதை 60 டிகிரி அடுப்பில் வைத்தாய். பிறகு திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தாய். வெற்றிலை எண்ணெய் எடுக்கிறவர்கள் ஆவியை இலை வழியாகச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்துத்தான் எண்ணெயைப் பிடிக்கிறார்கள். நீ ஆவியைப் போகவிட்டு மிச்சத்தை வடிகட்டியிருக்கிறாய். பொடியை முகர்ந்து பார்த்தாயா? வாசனை இருந்ததா? இதெல்லாம் நோட்டில் எழுத வேண்டிய விஷயம்.

அடுத்தது தண்ணீர். எண்ணெய்த் தன்மை உள்ளவை தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, எத்தனாலில் இறங்கும். உன் தோழிக்கும் உனக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம்.

மூன்றாவதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை. அகர் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வீட்டில் செய்கிற அகார்-அகார் இனிப்பும் இதே பொருள்தானே. டிஸ்க்கில் இருக்கும் பொருள் அந்தத் தண்ணீருக்குள் பரவி வெளியே போனால்தான் வளையம் வரும். ரசத்தின் மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி, தண்ணீரோடு சேராத பொருள் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி இருந்தும் வளையம் வராமல் போவது இப்படித்தான். வளையத்தின் அகலம் ஒரு மருந்தின் சக்தியை மட்டும் காட்டுவதில்லை, அது எவ்வளவு தூரம் நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. அகரைத் தடிமனாக ஊற்றினால் வளையம் சுருங்கும், மெல்லிசாக ஊற்றினால் விரியும். 4 மில்லிமீட்டர் தடிமன் என்று ஒரு கணக்கு வைத்திருப்பது இதற்காகத்தான். ஈ.கோலைக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு, பல பொருட்களை அது உள்ளே விடாது. அதனால் அங்கே வளையம் வராததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தோழியின் 12 மில்லிமீட்டரைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அவரிடம் ஒன்று மட்டும் கேள், குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லாமல்: வெறும் எத்தனால் ஊற்றி உலர்த்திய டிஸ்க் ஒன்றை அதே தட்டில் வைத்தாரா? எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும். டிஸ்க் சரியாக உலராமல் இருந்தால் அந்த வளையம் வெற்றிலையுடையதா, எத்தனாலுடையதா என்று யாராலும் பிரிக்க முடியாது. வெறும் டிஸ்க்குக்கு ஒன்றும் வராமல் வெற்றிலை டிஸ்க்குக்கு 12 வந்திருந்தால், சந்தோஷமாக ஏற்றுக்கொள்.

இந்த ஒப்பீட்டு விஷயத்தில் உன் ஊருக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லித் தராதது எனக்கு ரொம்ப நாளாக வருத்தம். நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் நின்றுவிடும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களிடம் அதிகம், தமிழர்களிடம் மிகக் குறைவு. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் காரணம் அரிசி என்றார். அவர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. பலர் நம்பவில்லை. தமிழர்கள் வேறு இடத்தில் வேறு மாதிரி வாழ்கிறார்கள், அரிசிதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? நியாயமான கேள்விதான்.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒன்று செய்தார். அங்கே ஒரே முற்றத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரியான இரண்டு கட்டடங்கள் இருந்தன. நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்கள் கிழக்குக் கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண்கள் மேற்குக் கட்டடத்துக்கு. இரு பக்கமும் சாப்பாடு ஒன்றுதான், அரிசி மட்டும் வேறு. கிழக்கே பழையபடி சயாம் பச்சரிசி, மேற்கே இந்தியப் புழுங்கலரிசி. சோதனை தொடங்கி ஒரு வருஷம் முடிவதற்குள் கிழக்கே 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். மேற்கே ஒருவர்கூட இறக்கவில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், தீட்டும்போது உதிரும் மேல்தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லைப் புழுக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பி1 வைட்டமின் என்று அதற்குப் பெயர் வந்தது அப்புறம்தான்.

அந்த 18 பேரை நினைக்காமல் என்னால் இதைச் சொல்ல முடியாது. சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படி ஒரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது. உன் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிவங்களை நிரப்பச் சொல்லும்போது சலிப்பாக இருக்கும். யாருக்காக அந்தப் படிவம் என்று அப்போது நினைத்துக்கொள்.

நான் இந்தக் கதையை உனக்குச் சொல்வது பாட்டிகளுக்காக. புழுங்கலரிசி நம்மைக் காத்தது உண்மை. அது ஏன் காத்தது என்று எந்தப் பாட்டிக்கும் தெரியாது. அது உண்மை என்று உலகம் ஒத்துக்கொண்டது, எதிரே மற்ற எல்லாம் ஒன்றாக இருந்த இன்னொரு கட்டடம் இருந்ததால். உன் தோழியின் வெறும் எத்தனால் டிஸ்க்தான் அந்த எதிர்க் கட்டடம்.

உன் பாட்டி செய்தது வீண் என்று உன் தட்டு சொல்லவே இல்லை. பாட்டி பச்சை இலையைக் கசக்கிக் காயத்தின் மேல் வைத்தார். நீ உலர்த்தி, கொதிக்கவைத்து, வடிகட்டி, தாளில் நனைத்து வைத்தாய். இரண்டும் வேறு வேறு கேள்வி. அதே மாதிரி நாளைக்கு எத்தனால் சாற்றுக்கு வளையம் வந்தாலும் பாட்டி சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று எழுதாதே, அகர் தட்டு மனிதக் காயம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மவர்களிடம் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், அதிகம். காலில் சின்னப் புண் வந்தவுடன் இலை வைத்துக் கட்டிக்கொண்டு, விரல் கறுத்த பிறகு கிளினிக்குக் கொண்டுவரப்பட்டவர்களை பினாங்கில் என் சொந்தக்காரர்களிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் உன் அறிக்கையின் கடைசி வரி எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்து எழுது.

மூன்று முறை செய்தேன் என்கிறாய். எப்படி மூன்று? ஒரே தட்டில் மூன்று டிஸ்க்கா, மூன்று வெவ்வேறு நாளா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு பானையிலிருந்து மூன்று சோற்றை எடுத்துப் பார்த்தாலும் நீ பார்த்தது ஒரு பானைதான். மூன்று என்று எழுத வேண்டுமானால் மூன்று பானை வைக்க வேண்டும்: தனித்தனி நாளில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவில், முடிந்தால் புதிதாக எடுத்த சாற்றில். ஒரே நாளின் மூன்று டிஸ்க் என்றால் அப்படியே எழுது. அது குறை இல்லை, மறைப்பதுதான் குறை. அப்புறம், வளையம் இல்லாததைச் சிலர் 0 என்று எழுதுவார்கள், சிலர் டிஸ்க்கின் அகலமான 6 மில்லிமீட்டர் என்று எழுதுவார்கள். எதை எழுதினாலும் செய்முறைப் பகுதியில் சொல்லிவிடு.

ஆறு வாரத்தில் என்ன முடியும்? எல்லாவற்றையும் செய்யப் போகாதே. நிழலில், ஃபேனடியில் உலர்த்திய இலையை எத்தனாலில் ஊறவை. வடிகட்டி எத்தனாலை முழுக்க ஆவியாக விட்டு, மிஞ்சும் பசையைக் கொஞ்சம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரை. 96 குழித் தட்டில் ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய் பாக்டீரியாவைச் சேர். பொருள் அகர் வழியாக நடக்க வேண்டிய கஷ்டம் இதில் இல்லை, பாக்டீரியாவே அதில் மிதக்கிறது. வெற்றிலைச் சாறு கலங்கலாக இருப்பதால் வளர்ந்ததா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. ரெசசுரின் சாயம் சேர்த்தால் உயிருள்ள குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும், வளராத குழி நீலமாகவே நிற்கும். வெறும் டிஎம்எஸ்ஓ ஊற்றிய குழிகளை மறக்காதே. உன் தண்ணீர்ச் சாற்றையும் அதே தட்டில் ஒரு வரிசை போடு. அங்கேயும் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டால், கொதிக்கவைத்த சாற்றைப் பற்றி உனக்கு இரண்டு சாட்சி ஆகிவிடும். இரண்டு வார வேலை, மிச்சம் எழுத.

சூப்பர்வைசரிடம் வெறுங்கையோடு போனால்தான் பயம். தட்டுகளின் படம், நோட்டு, இந்த அடுத்த திட்டம் ஒரு பக்கத்தில். "சார், வளையம் வரவில்லை, இவை காரணமாக இருக்கலாம், இதைச் செய்து பார்க்கட்டுமா" என்று கேள். நேரில் பேச நா எழவில்லை என்றால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மறுநாள் போய்ப் பார்.

கடைசியாக ஒன்று. வெற்றிலையை எங்கே வாங்கினாய் என்று கடிதத்தில் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையிலா, பசாரில் மலாய்க்கார அம்மாவிடமா? பசாரில் சீரே என்று மலாயில் சொல்லும் வெற்றிலையின் பக்கத்திலேயே காடோக் இலையும் கட்டுக் கட்டாக இருக்கும். இரண்டும் மிளகுக் குடும்பம், பார்க்க ஒரே மாதிரி, ஆனால் வேறு செடி. அடுத்த முறை இலையாக மட்டும் வாங்காமல் கொடித்துண்டோடு கேட்டு வாங்கு. ஒன்றை நாளிதழுக்குள் வைத்து அழுத்தி, வாங்கிய தேதியும் இடமும் எழுதி, உன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த யாரிடமாவது காட்டி உறுதி செய்துகொள். கடையில் இருக்கும்போதே ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தும் பார்.

அன்புடன்,
அக்கா, பினாங்கு