கேள்வி – பதில்: ஏழு பேரை வழிநடத்துவது எப்படி?

கேள்வி: காட்பாடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். சிகிச்சைக்காக வேலூர் வருகிறவர்கள் தங்கும் விடுதிகளுக்கு அறைப்பதிவு மென்பொருள் செய்கிறோம். மூன்று மாதங்களுக்கு முன் ஏழு பேர் குழுவுக்கு என்னைப் பொறுப்பாக்கி, மென்பொருளைச் சிறு சிறு பகுதியாக முடித்துக் காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையில் நடத்தச் சொன்னார்கள். காலைக் கூட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் (குறித்த வேலையை முடிக்க வேண்டிய தவணை) என்று வைத்தும் ஒருமுறைகூட வேலை முடியவில்லை. சான்றிதழ்ப் படிப்பில் சேரட்டுமா?

*– வாசகி, குடியாத்தம்*

பதில்: அன்புத் தங்கைக்கு, 'ஒருமுறைகூட வேலை முடியவில்லை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சான்றிதழைப் பிறகு பார்ப்போம்.

மென்பொருளுக்கு வருமுன் நான் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். ஒருமுறை, வெளிநாட்டு வாடிக்கையாளர் சேம்பிளைப் பார்த்து ஒப்புதல் தருவதற்குள் நாள் போகிறதே என்று, அறுநூறு ஜோடிக்குத் தோலை வெட்டி அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கை நிறைய வேலை. பலகையில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. பத்தாம் நாள் பதில் வந்தது: விரல் பக்கம் இறுக்குகிறது, அளவை மாற்றுங்கள். வெட்டிய தோலை என்ன செய்வது? அடுக்கிக் கிடந்த அந்த அப்பர்களின் முன் நின்ற மாலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் குழுவிலும் அப்பர்கள்தான் குவிகின்றன என்று நினைக்கிறேன். ஒருவர் தரவுத்தளம், ஒருவர் திரை, ஒருவர் ரசீது என்று ஏழு பேரும் ஏழு திசையில் பாதி வேலையோடு நிற்பார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் 12 கொள்கைகளில் ஒன்று, இயங்கும் மென்பொருளைத்தான் முன்னேற்றத்துக்கு முதன்மை அளவாகச் சொல்கிறது.

ஆகவே அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு ஜோடியைத் தைத்து முடியுங்கள். ஒரு விடுதி, ஓர் அறை, முன்பணம் வாங்கியதும் ரசீது அச்சாக வேண்டும். அவ்வளவுதான். அதைக் காந்தி ரோட்டில் ஒரு விடுதிக்கு எடுத்துச் சென்று, கவுண்டரில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். "நாளைக்கு ஸ்கேன் முடிவு வரும் என்று ஒவ்வொரு நாளாக நீட்டிப்பார்களே, அதை எங்கே பதிவது?" என்று அவர் கேட்கலாம். வங்கத்திலிருந்து நோயாளியோடு வந்து தங்குகிறவர் புறப்படும் தேதியை முதல் நாளே எப்படிச் சொல்வார்? அலுவலக அறையில் உட்கார்ந்து எத்தனை மாதம் திட்டமிட்டாலும் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றாது.

ஒரே நேரத்தில் மூன்று வேலைகளுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று பலகையில் எழுதிவிடுங்கள். கை காலியானவர் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் பக்கத்தில் இருப்பவரின் வேலையை முடிக்க உதவட்டும். முதல் வாரம் முணுமுணுப்பு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலைக் கூட்டம் நீள்வதற்குக் காரணம், ஏழு பேரும் உங்களிடம் கணக்கு ஒப்பிக்கிறார்கள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் வழிகாட்டியில் அதற்கு 15 நிமிடம்தான். அது வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அன்றைய நாளைத் திட்டமிடும் நேரம். 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளையே 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நீங்கள் வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள். முடியும் தறுவாயில் உள்ள வேலையிலிருந்து அவர்களே பேச்சைத் தொடங்கட்டும். உங்கள் முகத்தைப் பார்த்து யாராவது பேசினால், பலகையைக் காட்டுங்கள். அனுபவமுள்ள நிரலாளருக்கு இதுதான் கடினம். விடை நமக்குத் தெரிந்திருக்கும், வாய் துடிக்கும். ஸ்பிரிண்ட் நடுவில் முதலாளி புதிய வேலை கொண்டுவந்தால் மட்டும் முன்னால் வாருங்கள். அதற்குப் பதிலாக எதை எடுத்துவிடலாம் என்று அவரிடம் கேட்பது உங்கள் பொறுப்பு.

சான்றிதழ் இப்போது வேண்டாம். வழிகாட்டி இலவசம், 14 பக்கத்துக்குள் அடங்கும். குடியாத்தம் பஸ்ஸிலேயே படித்துவிடலாம். பின்னால் வேலை மாற அவசியமானால், ஸ்க்ரம் சான்றிதழுக்கான பிஎஸ்எம் (Professional Scrum Master) முதல்நிலைத் தேர்வை எந்த வகுப்பிலும் சேராமல் எழுதலாம்: 60 நிமிடம், 80 கேள்வி, 85 விழுக்காடு எடுக்க வேண்டும். கடன் வாங்கிப் பணம் கட்டிவிடாதீர்கள். விடுதிக் கவுண்டரில் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.